விளையாட்டும் ராஜதந்திரமும்

1814-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி லண்டன் நகரில் பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன் ஷரத்துக்களில் ஒன்று நாம் குடியிருக்கும் இந்தக் கொச்சியைப் பற்றியது. கொச்சியையும், மலையாளக் கரையில் அதைச் சார்ந்த இடங்களையும் டச்சுக்காரர்கள் பிரிட்டிஷாருக்கு விட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக சுமத்ராவை அடுத்துள்ள பாங்கா என்ற தீவைப் பெற்றுக்கொண்டார்கள். வெள்ளீயம் கிடைக்கும் தீவு அது. கொச்சிக் கோட்டை 1795-லேயே பிரிட்டிஷ் படையின் கைக்குப் போய்விட்டது உண்மைதான். ஆயினும் அதைக் காகிதத்தில் உறுதி செய்த அந்தப் பேரத்தில், இங்கே வாழ்ந்த மலையாளி, கொங்கணி, யூதர், குஜராத்தி, தமிழர் ஆகிய எவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தச் செய்தியை ஒரு கல்லூரி மாணவனிடம் சொன்னால் தேதியையும் தீவின் பெயரையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வான்; பரீட்சையில் கேட்டால் எழுதியும் விடுவான். ஆனால், "அந்த மேஜையில் நீ டச்சுக்காரனாக உட்கார்ந்திருந்தால் கொச்சியைக் கொடுத்திருப்பாயா? எதைக் கேட்டு வாங்கியிருப்பாய்?" என்று கேட்டால் திகைத்துப் போவான். அவன் அறிவு குறைந்தவன் அல்ல. அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். சர்வதேச அரசியல் என்ற பாடத்தை நம் கல்லூரிகள் கற்பிக்கும் முறையில் உள்ள குறை இதுவே. இதற்கு ஒரு மாற்று உண்டு. அதிகச் செலவில்லாத அந்த மாற்று, விளையாட்டு. வகுப்பறையிலேயே மாணவர்கள் நாடுகளாகவும் அரசாங்கங்களாகவும் பாவித்து, பேரம் பேசி, ஒப்பந்தம் செய்து, அதில் வெற்றியும் தோல்வியும் கண்டு பாடம் படிக்கும் பாவனை ஆட்டம் அது.

யார் வீட்டுப் பிரச்னை?

சர்வதேச அரசியல் என்பது டில்லியிலும் வாஷிங்டனிலும் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், மாதச் சம்பளக்காரனுக்கும் தினக் கூலிக்காரனுக்கும் அதில் என்ன வேலை என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். வேறு எந்த ஊருக்குப் பொருந்தினாலும் மட்டாஞ்சேரிக்கு இந்த நினைப்புப் பொருந்தாது. பஜார் ரோட்டில் மூட்டை சுமப்பவரும், ஜூ டவுன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தாவும், வில்லிங்டன் தீவில் சுங்க ஏஜெண்டிடம் வேலை பார்ப்பவரும் வாங்கும் சம்பளம் கடல் கடந்து போகும் சரக்கிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு நாடு இறக்குமதி வரியை மாற்றினால் இங்கே ஓவர்டைம் நிற்கிறது.

கோட்டைக் கொச்சியில், வெளி என்ற இடத்தில், துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்புக்களை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி அவர்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. அதாவது, நம்மில் சிலர் இந்த ஊரில் இருப்பதற்கே சர்வதேச அரசியல்தான் காரணம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்து சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் திரும்பி வந்தார்கள். கேரளத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த மாதம் மணியார்டர் வரவில்லை. பாக்தாதில் எடுத்த ஒரு முடிவு பல ஆயிரம் மைலுக்கு இப்பால் அடுப்பை அணைத்தது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளரும் பிள்ளைகள் இந்தப் பாடத்தை உருப்போட்டு ஒப்பித்துவிட்டு மறந்து போவது நியாயமாகுமா?

ஆடும் புலியும்

விளையாட்டின் மூலம் அரசியல் கற்பது நமக்குப் புதிது அல்ல. நம் கிராமங்களில் கோயில் மண்டபத்துக் கல்தரையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாவி ஆட்டைத் தின்னும். ஆட்டினால் புலியைத் தொட முடியாது. ஆனாலும் ஆடுகள் தனித்தனியே நிற்காமல் ஒன்றையொன்று அணைத்து நின்றால் புலிக்கு வழி அடைபட்டு ஆட்டம் முடிந்துவிடும். பலம் சமமாக இல்லாத இரு தரப்பில் பலவீனமான தரப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா? படிக்காத பாட்டியும் இதை ஆடினாள். படித்த பேரன் 'அணிசேராக் கொள்கை' என்ற தலைப்பில் ஐந்து பக்கம் மனப்பாடம் செய்கிறான்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. தூது என்று தனியே ஓர் அதிகாரம் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அண்டை நாட்டரசன், அவனுக்கு அடுத்த அரசன், நடுநிலை அரசன் என்று பன்னிரண்டு மன்னர்கள் அடங்கிய ஒரு மண்டலமே சொல்லப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் ராஜ்யத்தை நடத்துபவன் தன் இடத்திலிருந்தும் எதிராளியின் இடத்திலிருந்தும் மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை. அந்தப் பழக்கம் புத்தகத்தைப் படித்தால் மட்டும் வராது, பயிற்சியால்தான் வரும்.

மேல்நாட்டு அனுபவம்

மேல்நாடுகளில் இந்தப் பயிற்சி முதலில் ராணுவத்தில் தோன்றியது. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, பூகோளப் படத்தின் மீது கட்டைகளை நகர்த்தி ஆடும் ஒரு போர் விளையாட்டைத் தம் சேனைத் தலைவர்களுக்கு ஆடிக் காட்டினார். அவர்கள் அதைப் படைகளுக்கெல்லாம் சிபாரிசு செய்தார்கள். பிறகு பல நாட்டு ராணுவங்களும் அதைப் பின்பற்றின.

கல்லூரிக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹெரால்ட் கெட்ஸ்கோ என்ற அமெரிக்கப் பேராசிரியர். சிகாகோவுக்கு அருகில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், 1950-களின் கடைசியில், கற்பனை நாடுகள் சிலவற்றை உண்டாக்கி மாணவர்களை அவற்றின் ஆட்சியாளர்களாக அமர்த்தினார். ஒவ்வொரு நாட்டுக்கும் குறிப்பிட்ட அளவு வளம் உண்டு. அதை மக்களின் தேவைக்குச் செலவிடலாம், ஆயுதத்துக்கும் செலவிடலாம். மக்களின் திருப்தி குறைந்தால் ஆட்சி கவிழும். ஆயுதம் குறைந்தால் அண்டை நாடு மிரட்டும். இரண்டுக்கும் நடுவே நின்று திணறும்போதுதான், ஓர் அரசாங்கம் ஏன் சொல்வதொன்றும் செய்வதொன்றுமாக இருக்கிறது என்பது மாணவனுக்குப் புரிந்தது.

ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954-ல் அமைத்து 1959-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'டிப்ளமஸி' என்ற ஆட்டம் மற்றொன்று. முதல் உலக யுத்தத்துக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை ஏழு பேர் ஆடுகிறார்கள். தாயமும் கிடையாது, பகடையும் கிடையாது. மூலைக்கு மூலை ரகசியமாகப் பேசி, தங்கள் நகர்வைக் காகிதத்தில் எழுதி வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து காட்ட வேண்டும். வாக்குக் கொடுத்தவன் அதைக் காப்பாற்றினானா, முதுகில் குத்தினானா என்பது அப்போதுதான் தெரியும். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட இடமே இல்லாத ஆட்டம் இது.

விளையாட்டு சொல்லும் பாடத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1964-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் 'சிக்மா' என்ற பெயரில் வியட்நாம் யுத்தத்தைப் பற்றி இரு தடவை பாவனை ஆட்டங்கள் நடத்தினார்கள். குண்டு வீச்சினால் வட வியட்நாமின் உறுதி குலையாது என்பதையே அந்த ஆட்டங்கள் காட்டின. ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்கா தொடர்ந்து குண்டு வீசத் தொடங்கியது. அதன் பலனை உலகமே பார்த்தது.

நம் நாட்டில் நடப்பது

இந்தியாவில் இத்தகைய முயற்சி இல்லாமல் இல்லை. டில்லிப் பள்ளிகளில் 1966-67-ம் ஆண்டிலேயே இளைஞர் பார்லிமெண்ட் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது கல்லூரிகளுக்கும் விரிந்தது. கேரளத்திலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாதிரிச் சட்டசபைகளும் பார்லிமெண்டுகளும் கூடுகின்றன. நல்ல காரியம். ஆனால் அதில் பெரும்பாலும் நடப்பது முன்கூட்டியே எழுதி வைத்த கேள்வியும், முன்கூட்டியே எழுதி வைத்த பதிலும். மந்திரியாக வேஷம் போட்ட மாணவன் மந்திரியைப் போலவே பேசிவிட்டு அமர்கிறான். நாடகத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நாடகத்தில் முடிவு முன்பே தெரியும், ஆட்டத்தில் தெரியாது.

மாதிரி ஐ.நா. சபை என்று ஒன்று இப்போது பெரிய நகரங்களில் பிரபலமாகி வருகிறது. 1920-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாதிரி சர்வதேச சங்கமாகத் தோன்றியது, ஐ.நா. ஏற்பட்ட பிறகு இந்த வடிவம் பெற்றது. நாடுகளின் நிலையைப் படித்து வந்து வாதாடுவது பயனுள்ள பயிற்சியே. ஆனால் நம் ஊர்களில் அது கோட்டும் டையும், தடங்கலில்லாத ஆங்கிலமும், கணிசமான நுழைவுக் கட்டணமும் உடையவர்களின் விழாவாக ஆகிவிட்டது. துறைமுகத் தொழிலாளியின் மகள் அந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டுவதே கஷ்டம். உலக விவகாரம் யாருடைய வயிற்றைப் பாதிக்கிறதோ அவர்களுடைய பிள்ளைகளே வெளியில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆட்டம் ஓட்டல் மண்டபத்தில் அல்ல, சாதாரணக் கல்லூரி வகுப்பறையில் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமல்ல, மலையாளத்திலும் தமிழிலும் நடக்க வேண்டும். ஜெனீவாவைப் பற்றியும் இருக்கட்டும். முதலில் நம் கரையைப் பற்றி இருக்க வேண்டும். உதாரணமாக மூன்று ஆட்டங்களைச் சொல்கிறேன். மூன்றுக்கும் வேண்டிய விவரங்கள் பொதுவில் கிடைப்பவையே.

முதல் ஆட்டம்: மிளகு

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28-ந் தேதி ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2000-ம் ஆண்டு மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 டன் வரையில் வரிச் சலுகை கிடைத்தது. நாளடைவில், வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் உள்ளே வருகிறது என்று விவசாயிகள் புகார் செய்தார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது.

இப்போது வகுப்பை ஏழு கோஷ்டியாகப் பிரியுங்கள். இடுக்கி, வயநாட்டு விவசாயி ஒன்று. மட்டாஞ்சேரி வியாபாரி ஒன்று. மிளகிலிருந்து சத்து எடுத்து ஏற்றுமதி செய்யும் ஆலைக்காரர் ஒன்று. அவருக்குக் குறைந்த விலை மிளகு வெளியிலிருந்து வந்தால்தான் தொழில் நடக்கும். சுமட்டுத் தொழிலாளி ஒன்று. எந்த நாட்டு மிளகானாலும் மூட்டை வந்தால் அவருக்குக் கூலி. பிறகு டில்லி வர்த்தக அமைச்சகம், கொழும்பு அரசு, வியட்நாம் அரசு. இரண்டு மணி நேரம் பேரம் நடக்கட்டும். 'இந்தியாவின் நலன்' என்று பாடப் புத்தகம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நான்கு பேருடைய நான்கு விதமான நலன் என்பது தானே விளங்கிவிடும். 'பூர்வீகச் சான்றிதழ்' என்ற ஒரு காகிதத்துக்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பதும் விளங்கும்.

இரண்டாம் ஆட்டம்: கடல்

2012 பிப்ரவரி 15-ந் தேதி, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில், 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் சுட்டதில் மீன்பிடி படகு ஒன்றில் இருந்த இரு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர்; மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர். கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது; வீரர்கள் இருவர் கைது செய்யப்பட்டார்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டோம் என்றது இத்தாலி. நடந்தது சர்வதேசக் கடலில், அவர்கள் அரசாங்க ஊழியர்கள், எனவே இந்தியா விசாரிக்க முடியாது என்றும் வாதித்தது.

கேரளத்துக்கு விசாரணை அதிகாரம் இல்லை, மத்திய அரசுதான் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில், ஓட்டுப் போடச் சொந்த நாடு சென்ற வீரர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று இத்தாலி அறிவித்தது. இத்தாலியத் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. முடிவில் வீரர்கள் திரும்பி வந்தார்கள். வழக்கு கடல் சட்டப்படி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. 2020-ல் வந்த தீர்ப்பு, வீரர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க இயலாது என்றது. ஆனால் இத்தாலி நஷ்ட ஈடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகின் சொந்தக்காரருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்து வைத்தது. படகில் இருந்து உயிர் தப்பிய மற்ற மீனவர்களும் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று பிறகு நீதிமன்றத்தை அணுகினார்கள்.

12 மைல், 24 மைல், 200 மைல் என்ற கடல் எல்லைகளைப் பற்றிப் புத்தகத்தில் படித்தால் அன்று மாலையே மறந்து போகும். நடந்த இடம் 12-க்கு வெளியே, 24-க்கு உள்ளே என்பதை வைத்துக்கொண்டு ஒரு கோஷ்டி இத்தாலிக்காகவும், ஒரு கோஷ்டி இந்தியாவுக்காகவும், ஒரு கோஷ்டி கேரளத்துக்காகவும், ஒரு கோஷ்டி இறந்தவர்களின் குடும்பங்களுக்காகவும் வாதாடினால் ஆயுள் முழுதும் மறக்காது. தண்டனை முக்கியமா, நஷ்ட ஈடு முக்கியமா, நாட்டின் கௌரவம் முக்கியமா என்ற கேள்விக்கு நான்கு கோஷ்டிகளும் நான்கு பதில் சொல்லும்.

மூன்றாம் ஆட்டம்: மனிதர்

1964 அக்டோபர் 30-ந் தேதி, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் பிரஜா உரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களையும் பாதிக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்கள் சார்பில் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டவர் எவரும் இல்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காகத்தான் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களும், இதே கேரளத்தில் புனலூருக்கு அருகே ரப்பர்த் தோட்டங்களும் அமைக்கப்பட்டன. இந்தியாவுக்கு வராமலும் அங்கே பிரஜா உரிமை கிடைக்காமலும் எஞ்சி நின்றவர்களுக்கு 2003-ல் இலங்கைச் சட்டம் வழி செய்கிற வரையில் ஏறக்குறைய நாற்பது வருஷம் கடந்துவிட்டது.

இந்த ஆட்டத்தை இரண்டு முறை ஆட வேண்டும். முதல் முறை, நடந்தது போலவே இரு அரசாங்கங்கள் மட்டும் மேஜையில் அமரட்டும். இரண்டாம் முறை, மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டு, அதில் தோட்டத் தொழிலாளியின் பிரதிநிதியாக ஒரு மாணவியை அமர்த்த வேண்டும். 'என் அண்ணன் அந்தப் பட்டியலில், நான் இந்தப் பட்டியலில் என்றால் எங்கள் தாய் யாருடன் போவாள்?' என்று அவள் ஒரு கேள்வி கேட்கட்டும். எண்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த கைகள் சற்று நிற்கும். அந்த நாற்காலி போட்டால் ஒப்பந்தம் நல்லதாக அமையுமா, அல்லது ஒப்பந்தமே ஏற்படாமல் போகுமா என்பதை மாணவர்களே கண்டறியட்டும். இரண்டில் எது வந்தாலும் அது பாடம்தான்.

ஆட்சேபங்கள்

இதெல்லாம் பொழுதுபோக்கு, பாடத்திட்டம் முடிய வேண்டாமா என்று சில பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருஷப் பட்டப் படிப்பு வந்துவிட்டது. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் ஆசிரியரே வகுத்துக்கொள்ளும் பகுதி என்று தனியே இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஓர் ஆட்டத்தை வைக்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. மூன்று பிற்பகல் போதும்: ஒரு பிற்பகல் படிப்பதற்கு, ஒன்று ஆடுவதற்கு, ஒன்று ஆடியதை அலசுவதற்கு.

சூதும் வாக்குத் தவறுவதும் கற்றுக்கொடுப்பதாகாதா என்பது இன்னொரு ஆட்சேபம். உலகத்தில் சூது இருக்கிறது என்பதை மறைப்பதால் பிள்ளைகள் நல்லவர்களாகிவிட மாட்டார்கள், ஏமாளிகளாவார்கள். அது மட்டுமல்ல. ஒரு தடவை வாக்குத் தவறியவனை அடுத்த சுற்றில் யாரும் நம்ப மாட்டார்கள். நாணயத்தின் மதிப்பை அறிய அதைவிட நல்ல உபதேசம் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆட்டத்தில் கண்டதையே உண்மை என்று மாணவன் நம்பிவிடக் கூடும். இருபது வயதுப் பையன் இரண்டு மணி நேரம் பிரதமராக இருந்துவிட்டு, ராஜ்ய விவகாரம் இவ்வளவுதானா என்று எண்ணினால் ஆபத்து. அங்கே பசி இல்லை, ரத்தம் இல்லை, தேர்தல் இல்லை. ஆகவே ஆட்டம் முடிந்த பின் நடக்கும் அலசல்தான் உண்மையான வகுப்பு. ஆட்டத்தில் நடந்தது என்ன, சரித்திரத்தில் நடந்தது என்ன, இரண்டும் ஏன் வேறுபட்டன என்று ஆசிரியர் கேள்வி கேட்டு இழுக்க வேண்டும். அலசல் இல்லாத ஆட்டம் சீட்டாட்டத்துக்குச் சமம்.

செய்யும் முறை

சில விதிகள் அவசியம். முதலாவது, எவரும் தம் சொந்தத் தரப்பை ஆடக் கூடாது. தமிழ் மாணவன் கொழும்பின் நாற்காலியில் உட்காரட்டும். படகுக்காரரின் மகன் இத்தாலிக்கு வக்கீலாகட்டும். எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவனே அதற்குப் பதிலும் சொல்ல முடியும். ஆனால் கல்லூரிகளில் கட்சிச் சண்டை எளிதில் மூளும். 'நீ இலங்கைக்காரனாகப் பேசினாயே' என்று வகுப்புக்கு வெளியே யாரும் ஏசாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

இரண்டாவது, உணர்ச்சி மிக்க பிரச்னையானால் பெயர்களை மாற்றிவிடலாம். 1960-களில் ஹெர்மன் தம்பதியர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் முதல் உலக யுத்தம் மூண்ட கதையை மாணவர்களைக் கொண்டு ஆடவைத்தபோது, நாடுகளின் பெயரை மறைத்தே ஆடவைத்தார்கள். 1914 என்று தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும் அல்லவா?

மூன்றாவது, பேரத்தின் நடுவே செய்தி வர வேண்டும். நான்கு மாணவர்கள் நிருபர்களாக இருந்து அரை மணிக்கு ஒரு பத்திரிகைத் தாள் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். ரகசியம் வெளியானால் அரசாங்கம் எப்படிப் பதறுகிறது என்பது தெரிய வரும். நான்காவது, மார்க் ஜெயித்தவனுக்கு அல்ல. தான் ஏன் அப்படி முடிவு எடுத்தோம் என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதுகிறவனுக்கே மார்க். கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, காகிதமும் சாக்குக் கட்டியும் ஒரு பூகோளப் படமும் போதும்.

நம் பங்கு

இதில் வாசகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்லூரியில் இத்தகைய ஆட்டம் நடந்தால் விதிகளைச் சரிபார்க்க அனுபவஸ்தர்கள் தேவைப்படுவார்கள். சுங்கப் பத்திரமும் கப்பல் பில்லும் எழுதிக் கைதேர்ந்த குமாஸ்தா, மிளகு ஆட்டத்துக்கு எந்தப் பேராசிரியரைவிடவும் நல்ல நடுவர். துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர், ஒரு கப்பல் நான்கு நாள் தாமதித்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று விரல் விட்டுச் சொல்வார். படிப்புக் குறைவு என்று கூச்சப்பட்டு ஒதுங்காமல் இவர்கள் முன்வர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஃபீஸைப் பற்றி மட்டும் பேசாமல், இதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கல்லூரி தயங்கினால், நம் தமிழ்ச் சங்கங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தங்கள் மண்டபத்தில் நடத்திக் காட்டலாம். பொங்கல் விழாவில் பட்டிமன்றம் நடத்தத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் அல்ல. பட்டிமன்றத்தில் தீர்ப்பை நடுவர் சொல்கிறார். இதில் தீர்ப்பைத் தேட வேண்டியவர்கள் ஆடுகிறவர்களே.

கோயமுத்தூர்த் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டு. 1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸ் நகரில் 44 நாடுகள் கூடி உலகத்தின் பண ஏற்பாட்டைத் தீர்மானித்தபோது, இந்தியத் தூது கோஷ்டியில் அவரும் இருந்தார். யுத்தக் காலத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குப் பட்ட ஸ்டெர்லிங் கடனை அந்த மகாநாடு கவனிக்க வேண்டும் என்று இந்தியக் கோஷ்டி வாதாடியது. பெரிய நாடுகள் அதற்கு இணங்கவில்லை. ஆனால் வாதாடுவதற்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அதில் அமரத் தகுதி உள்ளவரும் இருந்தார். 1814-ல் கொச்சிக்கு அதுவும் இல்லை.

இனிமேல் போடப்படும் நாற்காலிகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அமர வேண்டுமானால், அவற்றில் அமர்ந்து பழக அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். கல்லூரி வகுப்பறையைவிடப் பத்திரமான இடம் அதற்கு வேறில்லை. அங்கே தோற்றால் ஒரு மாலைப் பொழுதுதான் நஷ்டம். வெளியே தோற்றால் 5,25,000 பேர் கப்பல் ஏற வேண்டியிருக்கிறது. அடுத்த கல்வியாண்டிலாவது எர்ணாகுளத்திலும் கொச்சியிலும் உள்ள கல்லூரிகளில் ஒன்றிரண்டு இதைச் சோதித்துப் பார்க்க முன்வர வேண்டும்.